குற்றம் சாட்டுவோர் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும்: மென்பொருள் வழக்கொன்று கற்பிக்கும் பாடம்

ஒருவர் உழைத்து உருவாக்கிய பொருளை மற்றொருவர் அவருடைய இசைவின்றி எடுத்துப் பயன்படுத்தினால், அதைத் தட்டிக் கேட்கும் உரிமை உழைத்தவருக்கு உண்டு. நிலமும் வீடும் மட்டுமன்றி, எழுதிய நூலும் இயற்றிய பாடலும் இவ்வாறே சட்டத்தின் பாதுகாப்பைப் பெற்றுள்ளன. கணினியை இயக்கும் மென்பொருளும் இன்று அவ்வரிசையில் இடம்பெற்றுள்ளது. மலேசியாவில் 1987-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், கணினி நிரல்களை இலக்கியப் படைப்புகளுள் ஒன்றாகக் கருதிப் பாதுகாக்கிறது.

இது நகரத்தாருக்கு மட்டுமே உரிய செய்தி என்று தோட்டத் தொழிலாளர்களாகிய நாம் ஒதுங்கிவிட வேண்டியதில்லை. நம் கையிலுள்ள தொலைபேசி மென்பொருளால் இயங்குகிறது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுள் சிலர் மென்பொருள் எழுதுவதையே தொழிலாகக் கொண்டுள்ளனர். அவர்களுடைய உழைப்பும் உரிமையும் இச்சட்டத்தின் கீழ்த்தான் அடங்குகின்றன.

ஆயினும், உரிமை இருப்பது ஒன்று. அதை நீதிமன்றத்தில் நிலைநாட்டுவது வேறொன்று. மென்பொருள் வழக்குகளில் வாதி இரண்டு கடினமான கட்டங்களைக் கடக்க வேண்டியுள்ளது. தொடக்கத்தில் தாக்கல் செய்த வழக்குரையை உரிய காலத்தில் திருத்திக் கொள்ளுதல் ஒன்று. எதிர்த்தரப்பாரிடம் உள்ள ஆவணங்களைக் கேட்டுப் பெறுதல் மற்றொன்று. இவ்விரண்டும் எவ்வாறு நடைபெறுகின்றன என்பதை, அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 2003-ஆம் ஆண்டில் தொடங்கி 2021-ஆம் ஆண்டில் முடிவுற்ற ஒரு பெருவழக்கைக் கொண்டு விளக்க முற்படுகிறோம்.

வழக்குரையும் ஆவண வெளிப்படுத்தலும்

வாதி தமது குறையையும், தாம் கோரும் பரிகாரத்தையும் எழுத்து மூலம் நீதிமன்றத்தில் தாக்கல் செய்கிறார். பிரதிவாதி அதற்கு எழுத்து மூலமே மறுமொழி தருகிறார். இவ்வாறு இரு தரப்பாரும் எழுதிக் கொடுப்பதே வழக்குரை எனப்படும். வழக்கின் எல்லையை வகுப்பது இதுவே. வழக்குரையில் இல்லாத ஒன்றை விசாரணையின்போது திடீரென எழுப்புவதற்குப் பொதுவாக இடமில்லை. எதிர்த்தரப்பார் எதற்கு விடை கூற வேண்டும் என்பதை முன்னதாகவே அறிந்திருக்க வேண்டும் என்பதே இதன் நோக்கம்.

இனி, ஆவண வெளிப்படுத்தல் என்றால் என்ன? ஒரு தொழிலாளிக்குப் பால் நிறுவைக் கணக்கில் ஐயம் ஏற்படுகிறது என்று வைத்துக் கொள்வோம். நிறுவைப் புத்தகமும் செக்ரோலும் அவரிடம் இல்லை. தோட்ட அலுவலகத்தில் உள்ளன. அவற்றைப் பார்க்காமல் அவரால் தமது கூற்றை மெய்ப்பிக்க இயலாது. இத்தகைய நிலையில், வழக்குக்குத் தொடர்புடைய ஆவணங்களைக் காட்டுமாறு நீதிமன்றம் ஒரு தரப்பாருக்கு ஆணையிடுவதே ஆவண வெளிப்படுத்தல்.

மென்பொருள் வழக்கில் இதன் தேவை இன்னும் பெரிது. மனிதர் படிக்கத்தக்க வகையில் வரிவரியாக எழுதப்படுவதை மூல நிரல் என்பர். அது இயந்திரம் மட்டுமே அறியத்தக்க வடிவத்திற்கு மாற்றப்பட்ட பின்னரே பெரும்பாலும் விற்பனைக்கு வருகிறது. கடையில் கிடைப்பது சமைத்த உணவு எனில், மூல நிரல் என்பது வீட்டுக்குள் பூட்டி வைக்கப்பட்ட சமையற்குறிப்பாகும். தமது குறிப்பை மற்றவர் பார்த்து எழுதிக்கொண்டார் என்று ஐயுறுபவர், அந்தப் பூட்டைத் திறக்க நீதிமன்றத்தையே நாட வேண்டியுள்ளது.

வழக்கின் பின்னணி

யூனிக்ஸ் என்னும் கணினி இயக்க முறைமை, அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1969-ஆம் ஆண்டில் உருவாகத் தொடங்கியது. அதைப் பயன்படுத்தித் தனக்குரிய முறைமையை அமைத்துக்கொள்ள, ஐ.பி.எம். நிறுவனம் 1985-ஆம் ஆண்டில் ஏ.டி. அண்டு டி. நிறுவனத்திடம் உரிமம் பெற்றது. ஐ.பி.எம். உருவாக்கிய அம்முறைமையின் பெயர் ஏ.ஐ.எக்ஸ்.

மறுபுறம், பின்லாந்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ஆம் ஆண்டில் லினக்ஸ் என்னும் முறைமையைத் தொடங்கினார். உலகெங்கும் உள்ள நிரலாளர்கள் அதை வளர்த்தனர். அதன் மூல நிரல் எவரும் பார்க்கத்தக்க வகையில் திறந்து வைக்கப்பட்டது. பின்னாளில் ஐ.பி.எம். நிறுவனமும் லினக்ஸின் வளர்ச்சிக்குப் பங்களித்தது.

யூனிக்ஸ் தொழிலின் ஒரு பகுதி கைமாறிக் கைமாறி யூட்டாவிலுள்ள எஸ்.சி.ஓ. குழுமம் என்னும் நிறுவனத்தை வந்தடைந்தது. யூனிக்ஸின் அடிப்படையில் தோன்றியவற்றை ஐ.பி.எம். ஒப்பந்தத்தை மீறி லினக்ஸில் சேர்த்துவிட்டது என்று குற்றஞ்சாட்டி, அக்குழுமம் 2003-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வழக்குத் தொடுத்தது. கோரிய இழப்பீடு 100 கோடி அமெரிக்க டாலர்.

இவ்வழக்கினால் கலங்கியவர்கள் ஐ.பி.எம். நிறுவனத்தார் மட்டுமல்லர். லினக்ஸைப் பயன்படுத்திய ஏறத்தாழ 1,500 பெரிய நிறுவனங்களுக்கு எஸ்.சி.ஓ. எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. லினக்ஸைப் பயன்படுத்துவோர் சர்வர் கணினி ஒன்றுக்கு 699 டாலர் முதல் கொடுத்து உரிமம் பெற வேண்டும் என்று அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அறிவித்தது. ஊதியம் எதிர்பாராமல் நிரல் எழுதிய நிரலாளர்கள் பலருடைய நேர்மையும் இதனால் ஐயத்துக்கு உள்ளாயிற்று.

மாறிக்கொண்டே வந்த வழக்குரை

வழக்கின் தொடக்கத்தில் வாதிக்கு எல்லாச் செய்திகளும் தெரிந்திருப்பது அரிது. ஆகவே அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களின் விதிகள், நீதிக்குத் தேவையாகும்போது திருத்தத்திற்குத் தாராளமாக இசைவளிக்க வேண்டும் என்று கூறுகின்றன. எஸ்.சி.ஓ.வும் இவ்வாய்ப்பைப் பயன்படுத்திக் கொண்டது. 2003-ஆம் ஆண்டின் நடுவில் வழக்குரையைத் திருத்தி, கோரிக்கையை 300 கோடி டாலராக உயர்த்தியது. 2004-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் இரண்டாம் முறை திருத்தியபோது, தொழில் இரகசியத்தைக் கவர்ந்தமை என்னும் முதற் குற்றச்சாட்டைக் கைவிட்டது. அதற்கு மாறாக, யூனிக்ஸ் உரிமத்தைத் தான் ரத்துச் செய்த பின்னரும் ஐ.பி.எம். தொடர்ந்து நகலெடுத்து வருவது பதிப்புரிமை மீறல் என்று சேர்த்துக் கொண்டது. கோரிக்கையும் 500 கோடி டாலரை எட்டியது.

பிரதிவாதிக்கும் இவ்வுரிமை உண்டு. ஐ.பி.எம். எதிர்வழக்குத் தொடுத்து, பின்னர் அதையும் திருத்தியது. லினக்ஸ் தொடர்பான தன் செயல்கள் எவருடைய பதிப்புரிமையையும் மீறவில்லை என்று நீதிமன்றம் அறிவிக்க வேண்டும் என 2004-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கோரியது.

யார் முதலில் காட்டுவது?

இங்கேதான் மென்பொருள் வழக்குகளில் அடிக்கடி தோன்றும் சிக்கல் எழுந்தது. எந்தக் கோப்பில், எந்த வரிகளை எடுத்தோம் என்று குறிப்பிட்டுச் சொல்லுங்கள் என்றது ஐ.பி.எம். உங்கள் மூல நிரல் முழுவதையும் காட்டினால்தான் எங்களால் குறிப்பிட்டுச் சொல்ல முடியும் என்றது எஸ்.சி.ஓ.

இரு கூற்றுகளிலும் ஓரளவு நியாயம் உண்டு. குற்றம் இன்னதென்று தெரியாமல் ஒருவர் தம்மைக் காத்துக்கொள்ள இயலாது. எதிரியின் பெட்டிக்குள் இருப்பதைப் பார்க்காமல் அதன் விவரத்தை மற்றவர் கூறவும் இயலாது. எனினும் இவ்வழக்கில் ஒரு தனித்தன்மை இருந்தது. யூனிக்ஸின் மூல நிரல் எஸ்.சி.ஓ.வின் கையிலேயே இருந்தது. லினக்ஸின் மூல நிரலோ உலகறியத் திறந்து கிடந்தது. இரண்டையும் ஒப்பிட்டுக் காட்ட எதிர்த்தரப்பாரின் பெட்டியைத் திறக்க வேண்டிய தேவை இல்லை.

மாஜிஸ்திரேட் நீதிபதி புரூக் வெல்ஸ் 2003-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஆணை பிறப்பித்தார். எஸ்.சி.ஓ. தன் குற்றச்சாட்டுகளை 30 நாள்களுக்குள் விவரமாகக் குறிப்பிட வேண்டும் என்றும், அதுவரை மற்ற ஆவணக் கோரிக்கைகள் நிறுத்தி வைக்கப்படும் என்றும் அவர் கூறினார். குற்றம் சாட்டுபவர் தம் கையில் உள்ளதை முதலில் காட்ட வேண்டும் என்பதே இதன் கருத்து.

அதனால் ஐ.பி.எம். தப்பித்துக் கொண்டது என்று கருதுதல் தவறு. எஸ்.சி.ஓ. ஓரளவு விவரம் அளித்தபின், 2004-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அந்தத் தடை நீக்கப்பட்டது. இரு தரப்பாரும் மேலும் விவரம் தர வேண்டும் என்று ஆணையாயிற்று. 2005-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், ஏ.ஐ.எக்ஸ். முறைமையின் வளர்ச்சி வரலாற்றைக் காட்டும் நிரல்களையும், அதில் மிகுதியாகப் பங்கு கொண்ட 3,000 பேரைப் பற்றிய தகவல்களையும் தருமாறு ஐ.பி.எம். பணிக்கப்பட்டது. இந்த எண்ணிக்கையைப் பார்க்கும்போது, ஆவணம் கேட்பது எவ்வளவு பெரிய சுமையாக மாறக்கூடும் என்பது விளங்கும். ஆகவேதான், தேவையையும் செலவையும் எடைபோட்டே நீதிபதிகள் ஆணையிடுகின்றனர்.

2005-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் மாவட்ட நீதிபதி டேல் கிம்பல் அளித்த தீர்ப்பும் நினைவில் கொள்ளத்தக்கது. எஸ்.சி.ஓ. வெளியுலகில் உரக்கக் கூறி வந்த குற்றச்சாட்டுகளுக்கும் நீதிமன்றத்தில் காட்டிய சான்றுகளுக்கும் இடையே உள்ள பெரும் வேறுபாடு வியப்பளிக்கிறது என்று அவர் கூறினார். ஆயினும், எதிர்வழக்கில் உடனே தன் பக்கம் தீர்ப்பளிக்குமாறு ஐ.பி.எம். கேட்டதை அவர் ஏற்கவில்லை. ஆவணங்களைப் பெறும் கட்டம் முடிவடையாத நிலையில் அவ்வாறு தீர்ப்பளிப்பது காலத்திற்கு முந்தியதாகும் என்றார். சான்று குறைவாகத் தோன்றியபோதும், அதைத் தேடிக் காட்டும் வாய்ப்பை நீதிமன்றம் மறுக்கவில்லை.

காலம் கடந்த திருத்தம்

எஸ்.சி.ஓ. மூன்றாம் முறையாகவும் வழக்குரையைத் திருத்த விரும்பியது. 1998-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனமும் வேறு சில நிறுவனங்களும் மாண்டரே என்னும் கூட்டுத் திட்டத்தைத் தொடங்கியிருந்தன. அத்திட்டத்திற்காக அளிக்கப்பட்ட யூனிக்ஸ் நிரலை, ஐ.பி.எம். அனுமதியின்றித் தன் ஏ.ஐ.எக்ஸ். முறைமையிலும் பயன்படுத்தியது என்பதே புதிய பதிப்புரிமைக் குற்றச்சாட்டு. ஐ.பி.எம். கொடுத்த ஆவணங்களைப் பார்த்த பின்னரே இது தெரிய வந்தது என எஸ்.சி.ஓ. வாதிட்டது.

நீதிபதி கிம்பல் 2005-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் நாள் இக்கோரிக்கையை நிராகரித்தார். திருத்தம் செய்வதற்கென வகுக்கப்பட்ட காலக்கெடு முன்னரே முடிந்துவிட்டது. மேலும், எஸ்.சி.ஓ.வோ அதற்கு முன் அத்தொழிலை நடத்தியவர்களோ இச்செய்தியை வழக்குத் தொடுக்கும் முன்பே அறிந்திருந்தனர், அல்லது அறிந்திருக்க வேண்டும் என்று அவர் கண்டார். காலக்கெடு கடந்த பின் திருத்தம் கோருபவர், தாம் முயன்றும் முன்னதாகச் செய்ய இயலவில்லை என்பதற்குத் தக்க காரணம் காட்ட வேண்டும். எப்போதோ வெளியாகிவிட்ட செய்தியை இப்போதுதான் கண்டோம் என்பது அத்தகைய காரணமாகாது.

294 குற்றச்சாட்டுகள்

இறுதிக் காலக்கெடுவாகிய 2005-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் எஸ்.சி.ஓ. 294 குற்றச்சாட்டுகள் அடங்கிய பட்டியலைக் கொடுத்தது. அவற்றுள் பலவற்றில், எந்தப் பதிப்பு, எந்தக் கோப்பு, எந்த வரி என்னும் விவரங்கள் இல்லை. 2006-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நீதிபதி வெல்ஸ் அவற்றுள் 180-க்கும் மேற்பட்டவற்றை வழக்கிலிருந்து நீக்கினார்.

அவர் கூறிய உவமை எளியவருக்கும் விளங்கத்தக்கது. பெரிய கடையொன்றிலிருந்து வெளியே வரும் ஒருவரைத் திருடியதாகக் கூறிப் பிடித்து நிறுத்துகின்றனர். திருடிய பொருள் எது என்று அவர் கேட்கிறார். கடையிலுள்ள எல்லாப் பொருள்களின் பட்டியலையும் அவர் கையில் கொடுத்து, இதற்குள் எங்கோ இருக்கிறது, நீரே தேடிக் கண்டுகொள்ளும் என்று சொன்னால் அது நியாயமாகுமா? ஆகாது என்பதே நீதிபதியின் முடிவு. அதே ஆண்டு நவம்பர் மாதத்தில் நீதிபதி கிம்பல் இம்முடிவை உறுதிப்படுத்தினார்.

வழக்கு முடிந்த விதம்

இதற்கிடையே யூனிக்ஸ் பதிப்புரிமை உண்மையில் யாருக்குச் சொந்தம் என்பது குறித்து, எஸ்.சி.ஓ.வுக்கும் நாவெல் நிறுவனத்திற்கும் இடையே தனி வழக்கு நடைபெற்றது. அதில் 2007-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் நாவெலுக்குச் சார்பாகத் தீர்ப்பு வந்தது. அடுத்த மாதமே எஸ்.சி.ஓ. திவால் பாதுகாப்பை நாடியது. அத்தீர்ப்பு மேல்முறையீட்டில் மாற்றப்பட்டு மறுபடியும் விசாரணை நடந்தபோது, 2010-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஜூரியினரும் பதிப்புரிமை நாவெலுக்கே உரியது என்று முடிவு செய்தனர்.

ஐ.பி.எம். மீதான வழக்கு பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்து மீண்டும் எழுந்தது. 2017-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் மேல்முறையீட்டு நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு நம் கவனத்திற்குரியது. மூன்றாம் திருத்தத்தை மறுத்தது சரியே என்று அது உறுதி செய்தது. ஆனால் மாண்டரே நிரலைப் பற்றிய அதே மனக்குறை, நேர்மையற்ற போட்டி என்னும் தலைப்பில் பழைய வழக்குரையிலும் இடம்பெற்றிருந்தது. அந்தக் கோரிக்கையை மட்டும் மேலும் விசாரிக்கலாம் என்று அந்நீதிமன்றம் கூறியது. ஆகவே எஸ்.சி.ஓ.வின் முறையீடு முழுவதும் வெறுமை என்று சொல்லிவிட முடியாது. உரிய காலத்தில் எழுதி வைத்த கோரிக்கை பிழைத்தது. காலம் கடந்து கொண்டுவந்த பதிப்புரிமைக் கோரிக்கை மடிந்தது.

2021-ஆம் ஆண்டில் இரு தரப்பாரும் உடன்பாடு கண்டனர். ஐ.பி.எம். கொடுத்த தொகை 1 கோடியே 42 லட்சத்து 50 ஆயிரம் டாலர். ஒரு காலத்தில் கோரப்பட்ட 500 கோடி டாலரோடு ஒப்பிட்டால், இது ஆயிரத்தில் மூன்று பங்குக்கும் குறைவு. வழக்கு நடந்ததோ 18 ஆண்டுகள்.

மலேசியாவில் உள்ள விதிகள்

மலேசிய நீதிமன்றங்களில் 2012-ஆம் ஆண்டின் நீதிமன்ற விதிகள் இவற்றை ஒழுங்கு செய்கின்றன. அவற்றின் 20-ஆம் கட்டளை திருத்தத்தைப் பற்றியது. இரு தரப்பாரின் வழக்குரைகளும் முடிவடையும் முன், ஒருமுறை நீதிமன்ற அனுமதியின்றியே திருத்திக் கொள்ளலாம். அதன்பின் அனுமதி வேண்டும். அனுமதி வழங்குமுன் கவனிக்க வேண்டிய மூன்று கேள்விகளை, 1983-ஆம் ஆண்டின் சட்ட அறிக்கையில் வெளிவந்த யமஹா வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் வகுத்துள்ளது. திருத்தம் நல்லெண்ணத்துடன் கோரப்படுகிறதா? அதனால் எதிர்த்தரப்பாருக்குச் செலவுத்தொகையால் ஈடுசெய்ய முடியாத தீங்கு நேருமா? வழக்கின் தன்மையையே அது மாற்றிவிடுமா? இவையே அம்மூன்று.

24-ஆம் கட்டளை ஆவண வெளிப்படுத்தலைப் பற்றியது. ஒருவர் தமக்குச் சாதகமான ஆவணங்களை மட்டும் காட்டினால் போதாது. தமக்குப் பாதகமானவற்றையும் காட்டுமாறு நீதிமன்றம் பணிக்கலாம். ஆனால் வழக்கை நியாயமாகத் தீர்ப்பதற்கோ செலவைக் குறைப்பதற்கோ தேவையில்லாத வெளிப்படுத்தலுக்கு ஆணை கிடைக்காது. வழக்கறிஞரிடம் சட்ட ஆலோசனை பெறுவதற்காக எழுதிய கடிதங்களைக் காட்ட மறுக்கும் உரிமையும் உண்டு.

நமக்குரிய பாடம்

மென்பொருள் எழுதும் நம் இளைஞர்கள் தாங்கள் எழுதியதை நாள் குறித்துப் பாதுகாத்து வைத்தல் வேண்டும். எப்பகுதியைத் தாங்களே எழுதினர், எப்பகுதியைப் பிறரிடமிருந்து எந்த நிபந்தனையின் பேரில் பெற்றனர் என்பதையும் பதிவு செய்து கொள்ளுதல் நலம். பிற்காலத்தில் வழக்கு எழுமாயின், வரியையும் நாளையும் சுட்டிக்காட்டக் கூடியவருக்கே நீதிமன்றத்தில் வலிமை உண்டு.

தோட்டத்தில் வேலை செய்யும் நமக்கும் இது பொருந்தும். தீபகற்ப மலேசியாவில் 1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டப்படி, முதலாளி தொழிலாளர் பதிவேட்டை வைத்திருக்க வேண்டும். அதில் பதிந்த விவரங்கள் 6 ஆண்டுகளுக்குக் குறையாமல் பார்வைக்குக் கிடைக்க வேண்டும். சம்பளம் குறைந்துவிட்டது என்று தொழிலாளர் இலாகாவில் முறையிடும்போது, பல காலமாகக் குறைகிறது என்று பொதுவாகச் சொல்வதைவிட, எந்த மாதம், எத்தனை நாள், எத்தனை வெள்ளி என்று குறிப்பிடுவது நன்று. அவ்வாறு குறிப்பிட்டால்தான், அலுவலகத்தில் உள்ள எந்த ஏட்டை எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது அதிகாரிக்கும் புலப்படும். அதுபோலவே நம் மீது எவரேனும் குற்றம் சாட்டினால், எந்த நாள், எந்த நிரை, எத்தனை கிலோ என்று கேட்கும் உரிமை நமக்கும் உண்டு.

சம்பளச் சீட்டுகளைப் பாதுகாத்து வையுங்கள். குறை தோன்றிய அன்றே நாளைக் குறித்து வையுங்கள். முறையிடுவதானால் காலம் தாழ்த்தாமல் முறையிடுங்கள்.